வெளியுறவுக் கூட்டங்களில் தூத்தூர் ஏன் இல்லை?

2020 ஜூலை 1ஆம் தேதி, ஐ.என்.எஸ். ஜலஷ்வா என்ற கடற்படைக் கப்பல் ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் மீனவர்கள். குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்க்காரர்கள் அதில் ஏராளம். கொரோனா தொடங்கியதிலிருந்து சம்பளமும் இல்லாமல் ஊருக்கு வர வழியும் இல்லாமல் அங்கே மாட்டிக்கொண்டிருந்தவர்கள்.

மறுநாள், ஜூலை 2. நெதர்லாந்தின் ஹேக் நகரிலிருந்து ஒரு தீர்ப்பின் சாரம் வெளியானது. 2012 பிப்ரவரி 15 அன்று, ‘எண்ட்ரிகா லெக்ஸி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு வந்த கடற்படை வீரர்கள், ‘செயின்ட் ஆன்டனி’ என்ற நம்ம ஊர் மீன்பிடிப் படகை நோக்கிச் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள் இல்லையா, அந்த வழக்கு. செத்தவர்களில் ஒருவர் கொல்லத்தில் குடியிருந்த ஜெலஸ்டின். இன்னொருவர் குமரி மாவட்டத்து இளைஞர் அஜீஷ் பிங்க்.

அடுத்தடுத்த இரண்டு நாளில் இந்தியாவின் வெளியுறவு எங்க மாவட்டத்துக் கடற்கரையில் நேராக வந்து இறங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு இளம் பணியாளர்களுக்கான வெளியுறவுக் கொள்கை விவாதக் கூட்டங்கள் பலவற்றுக்கு நான் போயிருக்கிறேன். சென்னை, திருவனந்தபுரம், பெங்களூர், ஒன்று நாகர்கோவிலிலேயே. ஆன்லைனில் கேட்டதற்குக் கணக்கே இல்லை. இந்த இரண்டு தேதிகளையும் மேடையிலிருந்து ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. அது ஏன் என்று யோசித்து எழுதிவைத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில், இந்தக் கூட்டங்களுக்குப் போகாதவர்களுக்காகக் கொஞ்சம் வர்ணனை. ஒரு ஹோட்டலின் கான்ஃபரன்ஸ் ஹால், அல்லது கல்லூரி ஏ.சி. அரங்கம். மேடையில் நான்கு நாற்காலி. ஒரு ஓய்வுபெற்ற தூதர், ஒரு முன்னாள் கடற்படை அதிகாரி, ஒரு திங்க் டேங்க் ஆய்வாளர், ஒரு மாடரேட்டர். கீழே இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்து வயதுக்காரர்கள்: ஐ.டி., வங்கி, வக்கீல், கல்லூரி விரிவுரையாளர், தொழில் நடத்துகிறவர்கள். தலைப்பில் ‘இந்தோ-பசிபிக்’ என்ற சொல் கட்டாயம் உண்டு. ஒரு மணி நேரம் மேடையில் பேச்சு, பத்து நிமிடம் கேள்வி, ‘ஒரே வரியில கேளுங்க ப்ளீஸ்’ என்ற வேண்டுகோள், குரூப் போட்டோ, பிறகு ‘நெட்வொர்க்கிங்’ டீ. அன்றைக்கு ராத்திரியே லிங்க்டுஇன்னில் படம் ஏறிவிடும்.

இதற்கு ஒரு வம்சாவளி உண்டு. 1943இல் தொடங்கிய உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சில், பின்னாளில் டெல்லி சப்ரு ஹவுஸில் அமர்ந்து, இப்படிப்பட்ட பேச்சுக்கு மரியாதையான வீடாக இருந்தது. 2016இலிருந்து வெளியுறவு அமைச்சகமும் அப்சர்வர் ரிசர்ச் பவுண்டேஷனும் சேர்ந்து நடத்தும் ரைசினா டயலாக் இன்றைக்குப் பெரிய கோவில் திருவிழா மாதிரி. அதை ஒட்டி இளைஞர்களுக்கென்று தனி ஃபெலோஷிப்பும் வந்தது. பெரிய கோவிலைப் பார்த்து ஊர் ஊராகச் சின்னக் கோவில் எழும்புவது நம்ம வழக்கம்தானே. மாநிலத் தலைநகரங்களிலும், இப்போது மாவட்டத் தலைநகரங்களிலும் அதன் நகல்கள் நடக்கின்றன. நகல் என்பதை ஏளனமாகச் சொல்லவில்லை. நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு, ஒரு முன்னாள் தூதர் மாஸ்கோவில் நடந்த ஒரு பேச்சுவார்த்தையின் உள்கதையைச் சொல்வதைக் கேட்க முடிகிறது என்றால் அது நல்லதுதான். நான் படித்த காலத்தில் அதற்கு வழி இல்லை.

ஹால் நிறைவதற்கு இன்னொரு காரணம் உண்டு, அமைப்பாளர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். வந்திருப்பவர்களில் நிறையப் பேர் யு.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறவர்கள், அல்லது படித்து விட்டவர்கள். மெயின்ஸில் பொது அறிவு இரண்டாம் தாளில் சர்வதேச உறவுகள் வருகிறது. எனவே நோட்டுப் புத்தகம் திறந்தே இருக்கும். குவாட், பிரிக்ஸ், சாபஹார், தென்சீனக் கடல் என்று மேடை பேசுவது எல்லாம் சிலபஸில் இருப்பவை. கேட்பவர்களுக்குத் தேவை அது, பேசுபவர்களுக்குப் பழக்கம் அது. இரண்டும் பொருந்திப்போவதால் கூட்டம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. எங்கேயும் முட்டுவதில்லை.

என் குறை இங்கே தொடங்குகிறது. ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், ஹோட்டலில் நடத்துகிறார்கள் என்பதெல்லாம் பெரிய குறையாக எனக்குப் படவில்லை. இந்தக் கூட்டங்களில் ‘நாம்’ என்ற சொல் எப்படிப் புழங்குகிறது என்று கவனித்துப் பாருங்கள். “சீனாவுக்கு நாம ஒரு சிக்னல் குடுக்கணும்.” “மாலத்தீவை நாம விட்டுட்டோம்.” இருபத்தெட்டு வயது வங்கி ஊழியர் எழுந்து கேள்வி கேட்கும்போது சவுத் பிளாக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார். கடற்கரை ஊர்களைப் பற்றி ஏதாவது பேச்சு வந்தால் மட்டும் ‘அவங்க’ ஆகிவிடும். “ஃபிஷர்மென் இஷ்யூ இருக்கு, அவங்களுக்கு அவேர்னஸ் குடுக்கணும்.” சொல்கிறவர் ஊர் குளச்சலாகக்கூட இருக்கும். வெளியுறவுக் கொள்கையை வகுக்கிறவரின் இடத்தில் நின்று பேச இரண்டு மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கொள்கை யார் தலையில் வந்து விழுகிறதோ அந்த இடத்தில் நின்று யோசிப்பதை, ஏற்கெனவே தெரிந்திருந்தாலும், வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள்.

ஒரு உதாரணம். தென்சீனக் கடல் பேசப்படாத கூட்டம் கிடையாது. சீனாவின் ஒன்பது கோட்டு வரைபடம், 2016 ஜூலை 12இல் பிலிப்பைன்ஸுக்குச் சாதகமாக வந்த நடுவர் தீர்ப்பு, ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை எல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம். அந்தத் தீர்ப்பு உடன்படிக்கையின் ஏழாவது இணைப்பின்படி அமைந்த நடுவர் குழு கொடுத்தது. எண்ட்ரிகா லெக்ஸி தீர்ப்பும் அதே உடன்படிக்கை, அதே ஏழாவது இணைப்பு, அதே ஹேக் நிரந்தர நடுவர் மன்றத்தின் அலுவலகம். முதலாவதை எல்லாரும் படித்திருக்கிறோம். இரண்டாவதில் செத்துப்போனது நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறிப் போய் வரும் தூரத்து ஆள். அதை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

புரட்டிப் பார்த்தால் ஒரு முழு நாள் விவாதத்துக்கு அதில் விஷயம் இருக்கிறது. சம்பவம் நடந்தது கரையிலிருந்து 20.5 கடல் மைல் தொலைவில். ஒரு நாட்டின் முழு அதிகாரம் செல்லுவது 12 கடல் மைல் வரைதான். அதைத் தாண்டி 24 வரை அடுத்த மண்டலம், 200 வரை பிரத்யேகப் பொருளாதார மண்டலம். கேரள போலீஸ் அந்த இரண்டு வீரர்களைக் கைது செய்தது. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், அவ்வளவு தூரத்தில் நடந்ததற்கு மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை, மத்திய அரசுக்குத்தான் என்றது. கடைசியில் நடுவர் குழு என்ன சொன்னது? வழக்கு நடத்தும் அதிகாரம் இரண்டு நாட்டுக்குமே உண்டு. ஆனால் அந்த வீரர்கள் இத்தாலி அரசின் பணியில் இருந்தவர்கள், எனவே இந்தியா அவர்களை விசாரிக்க முடியாதபடி விலக்குரிமை உண்டு. இதை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் சொன்னார்கள். அதே சமயம் செயின்ட் ஆன்டனியின் கடற்பயணச் சுதந்திரத்தை இத்தாலி மீறியது, அதற்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். உயிரிழப்புக்கு, படகுச் சேதத்துக்கு, கூடவே படகின் கேப்டனும் மற்றத் தொழிலாளர்களும் பட்ட துன்பத்துக்கும்.

இந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இத்தாலி கொடுத்தது 10 கோடி ரூபாய். செத்தவர்கள் குடும்பத்துக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. 2021 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. படகில் இருந்து உயிர் பிழைத்த மற்றத் தொழிலாளர்கள் அந்தப் பங்கீட்டில் இல்லை. அவர்கள் திரும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2022 நவம்பரில்தான், உரிமையாளரின் 2 கோடியிலிருந்து ஆளுக்கு 5 லட்சம் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஹேக்கில் ‘மற்றத் தொழிலாளர்கள்’ என்று எழுதப்பட்ட ஒரு சொல், டெல்லி வழியாக ஊருக்கு வந்து சேர்வதற்குள் எங்கே உதிர்ந்தது? ஒரு நாடு தன் குடிமக்கள் சார்பில் நஷ்டஈடு வாங்கும்போது அது யாருடைய பணம்? யார் பிரிப்பது? சர்வதேசச் சட்டத்தில் இது பழைய கேள்வி, இன்னமும் சிக்கலான கேள்வி. நாற்பது இளைஞர்கள், அதில் பத்து வக்கீல்கள் இருக்கும் ஒரு ஹாலில் இதைவிட நல்ல கேள்வி என்ன வேண்டும்?

இனி நாகர்கோவில் கூட்டம். அமைப்பின் பெயர் வேண்டாம், அவர்கள் மற்றவர்களைவிட மோசமும் இல்லை. கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், கடற்கரை ஊர், தம்பி வளைகுடாவில் படகில் வேலை. ஆங்கிலத்தில் தொடங்கி, பாதியில் தமிழுக்கு வந்தார். “சார், எங்க ஊர்ப் பையம்மாரு எல்லை தாண்டிட்டாங்கன்னு பிடிச்சா, மொதல்ல யாருக்கு எழுதணும்? தூதரகத்துல எத்தன நாளுக்குள்ள வந்து பாக்கணும்னு ஏதாவது சட்டம் உண்டா?” மாடரேட்டர் சிரித்துக்கொண்டே, மரியாதையாகத்தான், “தட்ஸ் எ கான்சுலர் இஷ்யூ, லெட்ஸ் டேக் இட் ஆஃப்லைன்” என்றார். அடுத்த கேள்வி தைவான் பற்றி.

டீ நேரத்தில் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்தேன். “ஆஃப்லைன்ல எடுத்தாங்களா?” என்று கேட்டேன். “இல்லண்ணா, அந்த சார் பிளைட்டுக்குப் போயிட்டாரு” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

கான்சுலர் விவகாரம் வேறு, வெளியுறவுக் கொள்கை வேறு என்று அன்று சொன்னதை நான் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறேன். அது எவ்வளவு தவறு என்பதற்கு டெல்லியின் சொந்தச் சாதனையையே சாட்சிக்குக் கூப்பிடலாம். 2019 ஜூலை 17இல் சர்வதேச நீதிமன்றத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 15க்கு 1 என்று இந்தியா ஜெயித்த குல்பூஷன் ஜாதவ் வழக்கு எதைப் பற்றியது? 1963ஆம் வருட வியன்னா கான்சுலர் உறவுகள் உடன்படிக்கையின் 36ஆவது பிரிவு. வெளிநாட்டில் பிடிபட்ட ஒருவருக்குத் தன் நாட்டுத் தூதரகத்தோடு தொடர்பு கொள்ளும் உரிமை உண்டு, அவர் கேட்டால் தாமதமில்லாமல் தூதரகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அது சொல்கிறது. அந்த நர்ஸ் கேட்டது கிட்டத்தட்ட அதே கேள்வி. அதே மேடையில் அரைமணி நேரத்துக்கு முன்னால் ஜாதவ் தீர்ப்பை ராஜதந்திர வெற்றி என்று ஒருவர் சொல்லியிருந்தார், கைதட்டலும் விழுந்தது. கேள்வி தூத்தூர் பக்கத்திலிருந்து வந்ததும் அது கொள்கை அந்தஸ்தை இழந்துவிட்டது. இந்தியாவும் பாகிஸ்தானும் 2008இல் செய்த ஓர் ஒப்பந்தப்படி வருடத்துக்கு இரண்டு முறை, ஜனவரி 1, ஜூலை 1, பிடித்து வைத்திருக்கும் மீனவர்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. சண்டை நடக்கும் வருடத்திலும் அந்தக் காகிதம் போய் வருகிறது. இதுமாதிரி ஒரு ஏற்பாடு வேறு எந்த நாடுகளோடு இருக்கிறது, இல்லை, ஏன் இல்லை என்று பேச ஆரம்பித்தால் அது கொள்கை விவாதம் இல்லாமல் வேறென்ன?

ஈரானை எடுங்கள். 2024 மே மாதம் சாபஹார் துறைமுக முனையத்துக்கு இந்தியா பத்து வருட ஒப்பந்தம் போட்டது. அதற்குப் பிறகு நான் போன கூட்டங்களில் சாபஹார் ஒரு தனி அத்தியாயம். மத்திய ஆசியாவுக்குப் பாதை, பாகிஸ்தானைச் சுற்றிப் போகும் வழி, அமெரிக்கத் தடைகள். எல்லாம் சரியான விஷயங்கள்தான். அதே ஈரானியக் கரையில் நம்ம மாவட்டத்து ஆட்கள் வருடக் கணக்காகப் படகில் வேலை செய்கிறார்கள் என்பது அந்த வரைபடத்தில் ஏறுவதே இல்லை. இந்தியக் குடியேற்றச் சட்டம் 1983இன் கீழ், பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு பட்டியல் இருந்து வந்திருக்கிறது. பாஸ்போர்ட்டில் ‘ஈ.சி.ஆர்.’ என்று நம்ம ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமன், அமீரகம், மலேசியா எல்லாம் பட்டியலில் உண்டு. ஈரான் இல்லை. இல்லை என்றால் என்ன அர்த்தம்? ஏஜென்ட் யார், முதலாளி யார், ஒப்பந்தம் என்ன என்று அரசுப் பதிவில் எதுவும் விழாமலேயே ஒருவர் போய்விடலாம். 2020இல் ஆட்களை எண்ணவே அவ்வளவு சிரமப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். பட்டியலில் சேர்த்தால் பாதுகாப்பு கூடுமா, இல்லை ஆட்கள் வேறு விசாவில் போய் இன்னும் மறைந்துபோவார்களா? இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. ஐ.டி. வேலைக்கு ஆள் எடுக்கும் ஹெச்.ஆர். இளைஞர்களும் விசா வக்கீல்களும் உட்கார்ந்திருக்கும் அறையில் இதைப் போட்டிருந்தால் உருப்படியாக ஏதாவது கிடைத்திருக்கும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஒரு வாதத்தில் நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓர் அமைப்பாளர் என்னிடம் சொன்னார்: “அண்ணாச்சி, ஃபிஷர்மேன் விஷயத்தை எடுத்தா கூட்டம் கண்டனப் பொதுக்கூட்டமா மாறிரும். கச்சத்தீவுன்னு ஒருத்தர் சொன்னாப் போதும், முடிஞ்சு.” உண்மைதான். 2024 தேர்தல் நேரத்தில் கச்சத்தீவு எப்படிக் கிளறப்பட்டது என்று பார்த்தோம். ஒப்பந்தத்தைப் படித்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு, குரல் மட்டும் மைக் உடையும் அளவு. ஆனால் இதற்கு மருந்து, விஷயத்தையே தவிர்ப்பது ஆகாது. படித்துவிட்டு வந்து பேசுவது என்ற ஒழுங்கைக் கொண்டுவருவதுதான்.

அந்த ஒழுங்குக்கு ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்காவின் ஃபாரின் பாலிசி அசோசியேஷன் 1918இல் தொடங்கிய அமைப்பு. 1954இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் ‘கிரேட் டிசிஷன்ஸ்’ என்று ஒரு திட்டத்தை ஆரம்பித்தார்கள். நியூயார்க், வாஷிங்டன் இல்லாமல் போர்ட்லாந்தில் தொடங்கியதைக் கவனிக்க வேண்டும். மேடை கிடையாது, நிபுணர் அவசியம் கிடையாது. வருடத்துக்குச் சில தலைப்புகள், அதற்கு ஒரு கையேடு. அக்கம்பக்கத்தார் பத்துப் பதினைந்து பேர் ஒரு வீட்டிலோ நூலகத்திலோ கூடுவார்கள். எல்லாரும் அந்த அத்தியாயத்தை முன்கூட்டியே படித்திருக்க வேண்டும். பேசி முடித்ததும் தங்கள் கருத்தை ஒரு சீட்டில் குறித்து அனுப்புவார்கள். இன்றைக்கும் அது நடக்கிறது. அதிலும் குறை உண்டு. தலைப்புகள் மேலிருந்து வருகின்றன, போர்ட்லாந்து மரம் வெட்டுகிறவரின் கேள்வி அதில் ஏறாது. ஆனாலும் பேசுபவர், கேட்பவர் என்ற பிரிவை உடைத்த வகையில் நம்ம ஹோட்டல் கூட்டத்தைவிட எழுபது வருடம் முன்னே நிற்கிறது.

அந்த மாதிரி அறைக்கு நம்ம ஊரில் பஞ்சமும் இல்லை. 1945இல் பி. என். பணிக்கர் முயற்சியில் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கம் உருவானபோது நாம் திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும், வாசகசாலையில் பேப்பர் படித்துவிட்டு உலக அரசியலைப் பிரித்து மேய்கிற பழக்கம் விளவங்கோடு, கல்குளம் பக்கம் போகவில்லை. கடற்கரையில் அன்பியக் கூட்டங்கள் வீடு வீடாக நடக்கின்றன. 2017இல் ஒக்கி அடித்தபோது காணாமல் போனவர்களின் பட்டியலை ஊர் ஊராக உட்கார்ந்து எழுதியது பங்குகளும் மீனவர் அமைப்புகளும்தான். எந்தப் படகு எந்தத் திசையில், எந்த மாநிலக் கரையில் ஒதுங்கியது, யாருக்கு போன் போட வேண்டும் என்று அன்றைக்கு நடந்த வேலை, சின்ன அளவில் ஒரு வெளியுறவு அலுவலகத்தின் வேலைதான். தூத்தூர் வட்டாரத்து எட்டு ஊர்க்காரர்கள், இரயுமன்துறை தொடங்கி நீரோடி வரை, சுறாவும் சூரையும் தேடி ஓமன் பக்கமும் சாகோஸ் பக்கமும் போய் வருகிறவர்கள். டீகோ கார்சியாவைச் சுற்றியுள்ள கடலில் 2010இலிருந்து பிரிட்டன் மீன்பிடிப்பையே தடை செய்திருக்கிறது. அங்கே பிடிபட்டு, படகைப் பறிகொடுத்தவர்கள் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். 2025 மே மாதம் பிரிட்டனும் மொரீஷியஸும் சாகோஸ் தீவுகள் பற்றி ஒப்பந்தம் கையெழுத்திட்டபோது, அடுத்த மாதமே ஆன்லைனில் ‘சாகோஸும் இந்தியப் பெருங்கடலின் எதிர்காலமும்’ என்கிற மாதிரி தலைப்பில் பேசினார்கள். அந்தக் கடலில் வலை போட்ட ஓர் இந்தியக் குரல்கூட அதில் இல்லை.

ஒரு மாலை எப்படி இருக்கலாம் என்று கேட்டால், நான் முதலில் எடுக்கச் சொல்வது 1976 மார்ச் 23ஆம் தேதிக் கடிதங்களைத்தான். அன்று இந்தியா-இலங்கை கடல் எல்லை ஒப்பந்தத்தோடு சேர்த்து, இந்திய வெளியுறவுச் செயலர் கேவல் சிங்கும் இலங்கைச் செயலர் ஜயசிங்கேயும் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். சில பக்கம்தான், ஒரு டீ குடிக்கும் நேரத்தில் படித்துவிடலாம். கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் இந்தியாவுடையது என்று அதில் உறுதியாகிறது. இலங்கைப் படகுகள் மூன்று வருடத்துக்கு மட்டும் அங்கே மீன் பிடிக்கலாம், ஆறு கப்பலுக்கு மேல் கூடாது, வருடத்துக்கு 2,000 டன்னுக்கு மேல் கூடாது. இன்னொரு பத்தி இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம்: அந்தக் காலத்துக்குள் வாட்ஜ் பேங்கில் பெட்ரோலியமோ வேறு கனிமமோ தேட இந்தியா முடிவு செய்தால், அந்தப் பகுதியை அறிவிக்கும், அங்கே இலங்கைப் படகுகள் மீன்பிடிப்பை நிறுத்திவிட வேண்டும். 1976இலேயே எண்ணெய் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. 2024இல் குமரிக் கடலில் எண்ணெய், எரிவாயு ஆய்வு வட்டாரங்கள் ஏலம் போனபோது இங்கே எல்லாரும் புதிதாக வந்த பேய் மாதிரி அதிர்ந்தோம்.

அந்தக் கடிதம் எழுதப்பட்ட தேதியையும் பாருங்கள். எமர்ஜென்சி காலம். தமிழ்நாட்டு அரசு 1976 ஜனவரி 31இல் கலைக்கப்பட்டு, குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. மன்னார் வளைகுடா எல்லை முடிவானபோது சென்னையில் கேள்வி கேட்க ஒரு சட்டசபை இல்லை. வெளியுறவு மத்தியப் பட்டியலில் இருக்கிறது, சரி. மீன்பிடிப்பு, 12 கடல் மைலுக்குள், மாநிலப் பட்டியலில் இருக்கிறது. இந்த இரண்டும் மோதும் இடத்தில் ஒரு மாநிலத்துக்கு என்ன பேச்சு இருக்க வேண்டும் என்பது இந்தியக் கூட்டாட்சியின் முடியாத கேள்வி. குவாட்டைப் பற்றி நாகர்கோவில் என்ன நினைக்கிறது என்று டெல்லி கேட்கப் போவதில்லை. வாட்ஜ் பேங்கைப் பற்றி நாகர்கோவில் ஒழுங்காகப் படித்துவிட்டு ஒரு கருத்தை எழுதி அனுப்பினால் அதை ஒதுக்குவது அவ்வளவு சுலபமும் இல்லை.

குளச்சல் போரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே நடக்கும் கூட்டங்களில் வரவேற்புரையில் அது கட்டாயம் வரும்: 1741இல் டச்சுக்காரனைத் தோற்கடித்த மண். கைதட்டல். அதோடு சரி. போருக்குப் பிறகு நடந்ததில்தான் வெளியுறவுக் கொள்கை இருக்கிறது. 1753இல் மாவேலிக்கரையில் மார்த்தாண்ட வர்மா அதே டச்சுக் கம்பெனியோடு உடன்பாடு செய்துகொண்டார். நாங்கள் மிளகு தருகிறோம், நீங்கள் ஆயுதம் தாருங்கள், எங்கள் படையெடுப்பில் தலையிடாதீர்கள் என்பதுதான் சாரம். மிளகு விளைவித்தவனுக்கு அதில் என்ன விலை கிடைத்தது என்ற கேள்வியோடு அந்த வரவேற்புரை தொடர்ந்திருந்தால் நான் எழுந்து நின்றே கைதட்டியிருப்பேன்.

அரசு பக்கமிருந்து ஒரு நல்ல யோசனை வந்தது, அதையும் சொல்ல வேண்டும். 2018இல் வெளியுறவு அமைச்சகம் ‘சமீப்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதிகாரிகள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தாங்கள் படித்த பள்ளி, கல்லூரிக்குப் போய் மாணவர்களிடம் பேச வேண்டும். அழகான எண்ணம். ஆனால் அதன் கணக்கைப் பாருங்கள்: எந்தப் பள்ளியிலிருந்து ஏற்கெனவே ஒருவர் ஐ.எஃப்.எஸ். போயிருக்கிறாரோ அங்கேதான் ஒருவர் திரும்பி வருவார். வள்ளவிளைப் பள்ளிக்கூடத்துக்கு யார் வருவார்? வருகிறவர் பேசுவதோடு நில்லாமல், அங்கே இருப்பவர்களிடம் கேட்கவும் செய்தால், அமைச்சகத்துக்கே பயன்படும் தகவல் கிடைக்கும். எந்த நாட்டுக் கடலோரக் காவல் எப்படி நடத்துகிறது, பிடித்தால் எத்தனை நாள் வைக்கிறது, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்பதெல்லாம் எந்தத் தூதரகக் கோப்பையும்விட அந்த ஊர் டீக்கடையில் துல்லியமாகக் கிடைக்கும்.

நாகர்கோவில் கூட்டத்துக்கு வந்த அந்த நர்ஸுக்கு, வெளிநாட்டில் சிக்கியவர்கள் குறைகளைப் பதிவு செய்ய அமைச்சகம் 2015இல் தொடங்கிய ‘மதத்’ இணையதளத்தின் விவரத்தையும், வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவைத் தமிழில் சுருக்கி ஒரு பக்கத்தையும் பிறகு வாட்ஸப்பில் அனுப்பினேன். அவர் அதை ஊர்க் குரூப்பில் போட்டிருக்கிறார். மூன்றே நாளில் எனக்குத் தெரியாத எண்களிலிருந்து ஏழு கேள்விகள் வந்தன. எழுத்துப்பிழையோடு, தேதி, இடம், படகு நம்பர் எல்லாம் போட்டு, அவ்வளவு தெளிவாக. அதில் ஒன்று இது: எங்க போட் லைபீரியாக் கொடி போட்ட கப்பல் இடிச்சு சேதமாச்சுன்னா, லைபீரியாக்காரனிடம் போகணுமா, கப்பல் முதலாளியிடமா, இல்ல இந்திய அரசிடமா? 2025 மே 25இல் கேரளக் கடலில் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 லைபீரியாக் கொடிக் கப்பல். அதிலிருந்த பிளாஸ்டிக் குருணை நம்ம கரை வரைக்கும் வந்து ஒதுங்கியதிலிருந்து இந்தக் கொடி விவகாரம் எல்லார் வாயிலும் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கடல்சார் சட்டம் தெரிந்த இரண்டு நண்பர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

அடுத்த மாதம் ஒரு கூட்டத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. தலைப்பு ‘பலதுருவ உலகில் இந்தியா’. பதிவுப் படிவத்தில் ‘பேச்சாளரிடம் கேட்க விரும்பும் கேள்வி’ என்று ஒரு கட்டம் உண்டு, நூறு எழுத்துக்குள். லைபீரியாக் கேள்வியை அதற்குள் அடக்கிப் பார்த்தேன். படகு நம்பரை எடுத்துவிட்டால் அடங்குகிறது.